கேண்டன் தட்டா, மைசென் தட்டா?

1740 வாக்கில் தன் குலச்சின்னம் பொறித்த விருந்துத் தட்டுகளுக்கு ஆசைப்பட்ட ஐரோப்பியப் பிரபுவுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. கப்பலில் போகிறவரிடம் சின்னத்தை வரைந்து கொடுத்துச் சீனாவின் துறைமுக நகரான கேண்டனுக்கு (இன்றைய குவாங்சோ) அனுப்பலாம். அல்லது ஜெர்மனியின் சாக்சனியில் 1710இல் தொடங்கிய மைசென் பீங்கான் ஆலையை நாடலாம்.

கேண்டனை நம்பினால் பொறுமை வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டு சீனாவின் உள்நாட்டு நகரான ஜிங்டெஜென்னின் சூளையில் வெந்து, ஆறும் மலைப்பாதையும் கடந்து தெற்கே வர வேண்டும். அங்கே எனாமல் தீட்டிக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். பிறகு பருவக்காற்று பார்த்துக் கப்பல் புறப்படும். கைக்கு வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். இங்கிலாந்தின் லீக் ஓக்கோவர் குடும்பத்துக்கு 1740இலும் 1743இலும் இரண்டு தவணைகளில் தட்டுகள் வந்தன. அனுப்பிய மாதிரி ஓவியம் இன்றும் இருக்கிறது. தட்டை அதன் அருகில் வைத்தால் கேண்டன் கையின் துல்லியம் புரியும்.

அந்தத் துல்லியமே சில சமயம் வேடிக்கையாகவும் முடிந்தது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட குலச்சின்னத்தில் நெடுக்குக் கோடு என்றால் சிவப்பு, கிடைக்கோடு என்றால் நீலம், புள்ளி என்றால் பொன். இந்தக் குறிமொழி கேண்டன் ஓவியருக்கு எப்படித் தெரியும்? வண்ணம் சொல்லாமல் அச்சுப்படத்தை மட்டும் கொடுத்தால், கோட்டைக் கோடாகவே வரைந்துவிடுவார்!

மைசெனில் இந்த வம்பு இல்லை. சின்னம் அறிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அதன் உச்சம், கேண்ட்லர் என்ற சிற்பியின் தலைமையில் 1737 முதல் 1742 வரை உருவான அன்னப் பீங்கான் தொகுதி. 2,200க்கும் மேற்பட்ட உருப்படிகள். பெற்றவர் சாக்சனியின் அமைச்சர் பிரூல் பிரபு. ஆலையின் நிர்வாகமும் அவர் கையில்தான். கடைக்காரரே வாடிக்கையாளர் என்றால் கணக்கு யார் கேட்பார்கள்? தட்டு முழுக்கச் சிப்பி வரிகளும் அன்னங்களும் நாணலும் புடைத்து நிற்க, குலச்சின்னமோ விளிம்பில் ஒண்டுக்குடித்தனம் செய்கிறது. அழகுதான். ஆனால் சின்னத்துக்காகவே வாங்குகிறவருக்கு அது தட்டின் நடுவில் கம்பீரமாக அமர்ந்திருக்கும் கேண்டன் வேலைதான் சரி. என் ஓட்டும் அதற்கே.

இன்று வாங்குகிறவருக்கு மட்டும் மைசென் எளிது. அடியில் குறுக்கு வாள் முத்திரை இருக்கும். சீனத் தட்டில் பெரும்பாலும் முத்திரையே இராது. காலத்தைச் சின்னத்திலிருந்துதான் கணிக்க வேண்டும். கணவன் குலமும் மனைவி குலமும் ஒரே கேடயத்தில் இணைந்திருந்தால், திருமண ஆண்டுக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். அப்போதும் எச்சரிக்கை தேவை: 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் நிறுவனம் இத்தகைய சீனத் தட்டுகளை நகலெடுத்துக் குவித்திருக்கிறது.