தானாக மிகும் ஒற்று: மெக்கானிக்கல் கீபோர்டில் நான்கு ஆண்டு தமிழ்99

ஒவ்வொரு விசைக்கும் கீழே தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிய முதல் வாரத்தில் எல்லாரும் அதன் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் உண்மையான குறை தலைகாட்டும்: ஒரு முறை தட்டினால் இரண்டு எழுத்து விழும். இதற்குச் சாட்டர் என்று பெயர். நிரலில் விழுந்தால் பெரும்பாலும் கம்பைலர் பிடித்துவிடும். ஆங்கிலச் சொல்லில் விழுந்தால் கண்ணே பிடித்துவிடும். தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் தட்டுபவர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

காரணம் அந்த அமைப்பின் மிக நல்ல விதி ஒன்றுதான். ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். க்க, ட்ட, த்த எல்லாவற்றுக்கும் தனியாகப் புள்ளி தட்ட வேண்டாம். ஆனால் ஸ்விட்ச் பழுதானால் இதே விதி பாடுவைப் பாட்டு ஆக்கும், விதையை வித்தை ஆக்கும். ‘நகல் எடு’ என்று தட்டியது ‘நகல் எட்டு’ என்று நிற்கும். எல்லாமே சரியான சொற்கள், எழுத்துப்பிழை திருத்தி கோடு போடாது. பயனர் கையேடோ மொழிபெயர்ப்புக் கோப்போ தமிழில் எழுதுபவர் கீபோர்டின் மற்ற எந்தக் குணத்தையும்விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே சொல்வது 75 சதவீத அளவுள்ள ஹாட்ஸ்வாப் பலகை (பற்றவைக்காமலே ஸ்விட்சைக் கழற்றி மாட்டலாம்), 55 கிராம் அழுத்தம் கேட்கும் டேக்டைல் ஸ்விட்ச் (அழுத்தும்போது நடுவில் சிறு தடை விரலுக்குத் தெரியும்), க்யூஎம்கே ஃபார்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்), லினக்ஸ் என்ற கூட்டணியை வைத்து.

ஸ்விட்சுக்குள் இரண்டு உலோக இதழ்கள் தொடும்போது ஒரே தொடலில் நிற்பதில்லை, சில மில்லி வினாடி துள்ளும். புது எம்எக்ஸ் ஸ்விட்சில் இந்தத் துள்ளல் 5 மில்லி வினாடிக்குள் அடங்கும் என்பது அதைத் தயாரிக்கும் செர்ரி நிறுவனத்தின் கணக்கு. க்யூஎம்கேயும் இயல்பாக 5 மில்லி வினாடி பொறுத்துத்தான் தட்டலை ஏற்கிறது. இதழில் தூசியோ துருப்படலமோ ஏறினால் துள்ளல் அதைத் தாண்டும், இரண்டாம் தட்டல் பதிவாகும். தேய்மானம் விழும் இடமும் வேறு. ஆங்கிலத்தில் அதிகம் அடி வாங்கும் எழுத்து E விசை. தமிழ்99இல் அங்கே இருப்பது ஊ, எப்போதாவது தேவைப்படுவது. இங்கே அடி வாங்குபவை வலக்கையின் நடுவரிசையில் இருக்கும் க, ப, ம, த. இடக்கையில் புள்ளிக்கான எஃப்.

பழுதா, நம் விரல் நடுங்கியதா என்று உறுதி செய்ய: எடிட்டரில் ஆங்கில முறைக்கு மாறி, சந்தேகப்படும் விசையை எண்ணிக்கொண்டே ஒரே வரியில் 200 முறை தட்டுங்கள். கீழே நெடுவரிசை எண் 201 காட்ட வேண்டும். 204 என்றால் மூன்று முறை இரட்டித்திருக்கிறது. அடுத்து அந்த ஸ்விட்சைக் கழற்றி, யாரும் தொடாத பாஸ் (Pause) விசையின் ஸ்விட்சோடு இடம் மாற்றுங்கள். பழுது கூடவே போனால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டின் பற்றாசைப் பார்க்க வேண்டும். மாட்டும்போது ஸ்விட்சின் உலோகக் கால்களை வெளிச்சத்தில் பார்த்து, வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்தி, நேர் செங்குத்தாக அழுத்துங்கள். கோணலாக அழுத்தினால் கால் மடங்கி உள்ளேயே படுத்துவிடும். விசை செத்துவிட்டது என்று நினைக்கும் பல பேருக்கு நடந்திருப்பது இதுதான்.

மாற்று ஸ்விட்ச் கையில் இல்லையென்றால் முதல் வைத்தியம் ஃபார்ம்வேரில். டிபவுன்ஸ் மதிப்பை, அதாவது துள்ளல் அடங்கப் பொறுக்கும் மில்லி வினாடியை, 5இலிருந்து 10 ஆக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 15. ஒரே விரலால் நொடிக்குப் பத்து முறை தட்டுவதே கடினம் என்பதால், வேண்டித் தட்டும் க்க இதில் அடிபடாது. விசைகளை இடம் மாற்ற வயா செயலி போதும். டிபவுன்ஸை மாற்றப் பொதுவாக ஃபார்ம்வேரை மீண்டும் தொகுத்து ஏற்ற வேண்டியிருக்கும். லினக்ஸின் குனோம் திரைச்சூழலில், அணுகல்தன்மை அமைப்பில் இரட்டைத் தட்டலைத் தள்ளும் வசதி ஒன்று உண்டு. அதன் இயல்பு அளவு 300 மில்லி வினாடி. அப்படியே போட்டால் நீங்கள் வேண்டித் தட்டும் ஒற்றும் காணாமல் போகும். 30 அளவுக்கு இறக்காமல் அதைத் தொடாதீர்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், இரண்டு சொட்டு, விசையை 50 முறை அழுத்தி அரை மணி காயவிடுவது தூசிக்குக் கேட்கும், தேய்ந்த இதழுக்குக் கேட்காது. கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் உள்ளே பிசுபிசுக்கும். ஸ்விட்சுக்குக் கிரீஸ் தடவுபவர்கள் ஏறி இறங்கும் தண்டின் பக்கவாட்டில் மட்டும் தடவட்டும். இதழில் பட்டால் நல்ல ஸ்விட்சும் தட்டலை விழுங்கத் தொடங்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்99இல் ண, ந, ழ, ய, ச, ஞ ஆறும் வலது சுண்டுவிரலின் வேலை. அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்புகள், சாய்கோடு எல்லாம் எழுத்தாகிவிடுகின்றன. ஹாட்ஸ்வாப் பலகையில் அந்த ஆறு இடத்துக்கு மட்டும் 35 கிராம் ஸ்விட்ச் போட்டால் மாலையில் கை வலிப்பது தெரிந்தே குறைகிறது. இதை நான்கு ஆண்டில் செய்த மிகப் பயனுள்ள மாற்றம் என்பேன். அதே காரணத்தால், நிரலர்கள் ஆசைப்படும், இரண்டு துண்டாகப் பிரிந்த 42 விசைப் பலகையைத் தமிழில் நிறைய எழுதுபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சதுர அடைப்புகள், வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு தட்டும் இன்னொரு அடுக்குக்குள் போய்விடும், அவற்றோடு ச, ஞ இரண்டும் போய்விடும். ச இல்லாமல் எத்தனை வாக்கியம் எழுத முடியும்? எழுத்து அச்சிட்ட ஸ்டிக்கரும் தேவையில்லை. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம், புள்ளியோடு மொத்தம் 31 விசை. இரண்டு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும் தமிழ்99ஐயே வையுங்கள். லினக்ஸோடு வரும் வெறும் எக்ஸ்கேபி தளவமைப்பு முந்தைய எழுத்தைப் பார்ப்பதில்லை, தானியங்கிப் புள்ளி அதில் கிடையாது.

கடைசியாகச் சாப்பாடு. மேசையில் உட்கார்ந்தே சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை, எதைச் சாப்பிடுகிறோம் என்பதையாவது பார்க்கலாம். முறுக்குத் துண்டு பெரிது, கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். மிக்சரில் இருக்கும் ஓமப்பொடித் தூள்தான் ஸ்விட்ச் இடுக்கில் தங்கி எறும்பைக் கூப்பிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீகேப்களை, அதாவது விசை மூடிகளை, கழற்றுங்கள். முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. கழற்ற பிளாஸ்டிக் வளையத்தைவிடக் கம்பி இடுக்கி மேல், ஓரத்தைக் கீறாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும், கொதிநீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவு காய்வது போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

காபி கொட்டினால் முதலில் கேபிளைப் பிடுங்கி, உடனே கவிழ்த்துப் பிடியுங்கள். கம்பியில்லாப் பலகை என்றால் பவர் சுவிட்சை அணையுங்கள். பிறகு கொட்டிய பகுதியின் ஸ்விட்சுகளை மட்டும் கழற்றி, பலகையையும் சாக்கெட்டுகளையும் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடையுங்கள். கறுப்புக் காபி என்றால் ஸ்விட்சுகளையும் ஆல்கஹாலில் அலசிக் காப்பாற்றலாம். பாலும் சர்க்கரையும் போட்ட டிகிரி காபி என்றால் அலசி நேரத்தை வீணாக்காதீர்கள். காய்ந்தபின் தண்டு ஒட்டும், பால் கொழுப்பு நாற்றமெடுக்கும். புது ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். இதற்காகவே வாங்கும்போதே அதே ரகத்தில் பத்து ஸ்விட்ச் கூடுதலாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.