‘உடம்பே புற்றைத் தின்றுவிடும்’ என்று நம்பி 86,500 ரூபாயை இழந்தோம்

முந்தாநாள்தான் அம்மாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எழுதும்போதே கை நடுங்குகிறது. ஆனாலும் இந்த 86,500 ரூபாய் எப்படிப் போனது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். குமரி மாவட்டத்தில் புற்றுநோயோடு போராடுகிற வீடு எங்கள் வீடு மட்டும் இல்லை. யாருக்கெல்லாம் தேவையோ அவர்களுக்கு அனுப்புங்கள். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்று. ஆப்பரேஷன் முடிந்து, திருவனந்தபுரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீமோ. மொத்தம் 12 தடவை, அதில் 5 முடிந்திருந்தது. ஒவ்வொரு தடவை மருந்து ஏறிய பிறகும் நாலைந்து நாள் அம்மாவால் கிணற்றுத் தண்ணீரைத் தொட முடியாது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமாம். வெந்நீர் கலந்துதான் கை கழுவுவாள். ஒரு நாள் பழக்கதோஷத்தில் சாளை கழுவப் போய், சட்டியை அப்படியே கிணற்றடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். ‘ஊசி இல்லாமல் குணம்’ என்கிற பேச்சு என் காதில் ஏறியது அதற்கு அப்புறம்தான்.

பெயர் சொல்லவில்லை. ஓர் இயற்கை நல மையம். வீட்டையே மையமாக மாற்றியிருக்கிறார்கள், வாசலில் துளசிச் செடிகள். உள்ளே வெள்ளை ஜிப்பா போட்ட ஐம்பது வயதுக்காரர். எடுத்ததும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. “எந்த ஊரு மக்களே?” என்றார். சொன்னேன். “அப்போ நம்ம ஆளுகதான்” என்று அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ரொம்ப நேரம் விடவே இல்லை. “இந்தக் கையில எத்தனை ஊசி! போதும்மா, இனி வேண்டாம்” என்றார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. திருவனந்தபுரத்து வரிசையில் யாருக்கும் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

சுவரில் ஒரு ஜப்பான்காரர் படம். யோஷினோரி ஒசுமி, 2016இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கியவர். “ஆட்டோபேஜி. பட்டினி கிடந்தா செல் தன்னையே தின்னும். முதல்ல கெட்டதைத்தான் தின்னும், புற்றும் அதுல கரைஞ்சு போவும்” என்றார். வெளியே வந்து போனில் தேடினேன். ஒசுமியும் உண்மை, நோபலும் உண்மை, ஆட்டோபேஜியும் உண்மை. அவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டேன். உண்மையோடு ஒட்டிக்கொண்டு வந்த பொய்யைத் தேடிப் பார்க்கவில்லை.

அப்பா ரப்பர் ஷீட் விற்றுச் சேர்த்து வைத்திருந்த 40,000, அம்மா வளையலை அடகு வைத்து வாங்கிய 46,500. ஆக 86,500 ரூபாய், மொத்தமாக, ரொக்கமாக. 21 நாள் உபவாசம். மூன்று வேளை கஷாயம், ஒரு பொடி, வெந்நீர். கஞ்சிகூடக் கூடாது. 6வது கீமோவுக்குப் போகவே இல்லை.

ஒரே வாரத்தில் அம்மாவின் கன்னம் ஒட்டிவிட்டது. 49 கிலோ இருந்தவள் 11ஆம் நாள் 43. படம் எடுத்து அனுப்பினால், “கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி” என்று பதில், கூடவே கும்பிடுகிற கை. அன்று ராத்திரி குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சோடியமும் பொட்டாசியமும் தரைக்கு வந்துவிட்டது என்றார்கள். ஐந்து நாள் டிரிப்.

டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்த மையத்துக்குப் போன் செய்தேன். “ஐயா முகாம்ல இருக்காரு, செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்க.” செவ்வாய் கூப்பிட்டால், “நடுவுல நிறுத்தினது நீங்கதானே?” நேரில் போனேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண், “நம்பிக்கை இல்லாம செஞ்சா பலிக்காதுக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரசீதை நீட்டினேன். அந்த ஜிப்பாக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “இதுல நன்கொடைன்னுதான் போட்டிருக்கு. நன்கொடையை யாராவது திருப்பிக் கேப்பாங்களா மக்களே?” அதே குரல், அதே ‘மக்களே’. அன்றைக்குச் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 86,500 ரூபாய் நன்கொடையாம்!

நேற்று அப்பாவும் நானும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனோம். டாக்டர் திட்டவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்து மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். செல்லுக்குள் பழசான, கெட்டுப்போன பாகங்களை ஒரு பை சுற்றி வளைத்து, செரிமான நொதிகள் இருக்கிற லைசோசோமில் கொண்டு சேர்க்கும். அங்கே அது உடைந்து செல்லுக்கே மறுபடி உணவாகும். இதுதான் ஆட்டோபேஜி. ஒசுமி இதைக் கண்டது ஈஸ்ட் செல்லில். புற்றுநோயைக் குணப்படுத்தியதற்காக அவருக்குப் பரிசு தரவில்லை.

இந்தச் சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால் புற்று உருவாகாமல் இருக்க உதவுகிறது என்பது சரிதானாம். அதற்கு வேண்டிய பெக்லின் 1 மரபணுவில் ஒரு பிரதி குறைந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வந்ததை 2003இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டி வளர்ந்த பிறகு கதை மாறிவிடுகிறது. கட்டியின் நடுவில் ரத்தம் சரியாகப் போகாது, ஆக்சிஜன் குறைவு, சத்து குறைவு. அங்கே புற்றுச் செல் உயிரோடு இருப்பதே இந்த ஆட்டோபேஜியை வைத்துத்தான். கீமோவின் அடியைத் தாங்கவும் அதையே பிடித்துக்கொள்கிறது. “வீட்டில அரிசி தீர்ந்தா பழைய மரச்சாமானை வித்துக் கஞ்சி வைக்கிறோம்ல? உள்ளே ஒளிஞ்சிருக்கிற திருடனும் அதே கஞ்சியைத்தான் குடிப்பான்” என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பல புற்றுகளில் ஆட்டோபேஜியைத் தடுக்கப் பார்க்கிறார்களாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கீமோவோடு சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். அதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. எதை அடக்க முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்க்கிறார்களோ, அதைத் தூண்டிவிடத்தான் நான் 86,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பட்டினியில் கரைந்தது புற்று இல்லை, அம்மாவின் தசை. எடை ஏறிய பிறகுதான் 6வது கீமோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். நிதானமாக எழுத மனசு ஓடவில்லை. கீமோவை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உபவாசம் என்றால் முதலில் கீமோ டாக்டரிடம் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். புற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லிருந்தே சட்டம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915.

அம்மா இப்போதுதான் கஞ்சியும் பயறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். திங்கட்கிழமை நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்த நன்கொடை ரசீதையும் மனுவோடு வைக்கிறேன்.