கதறும் குழந்தைக்கு எது உதவும்? ஆஸ்டியோபதி, சொட்டு மருந்து, பால் திருத்தம் – ஓர் ஒப்பீடு

ஆறு வாரக் குழந்தை. மாலை ஐந்துக்கு ஆரம்பித்தால் இரவு பத்து வரை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியும் பார்த்தாயிற்று. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "கோலிக்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். அதன் பிறகு ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: இதமான தொடுகையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி, வாய்வுக்குச் சொட்டு மருந்து, ப்ரோபயாடிக் எனும் நல்ல நுண்ணுயிர்ச் சொட்டு, தாய்க்குப் பத்தியம், தாய்ப்பால் ஆலோசகர், பிசியோதெரபி. இவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்பு, எதை முதலில் பார்ப்பது என்பதே கேள்வி.

எதை எடைபோடுவதானாலும் அழுகையின் ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்தில் அழுகை கூடத் தொடங்கும், ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்துக்குள் தணியும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு அலசலில், முதல் ஆறு வாரங்களில் சராசரி அழுகை நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். 10–12 வாரங்களில் அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், மூன்று வாரம் என்ற கோலிக்குக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வெசெல் 1954இல் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வயிறு, குடல் கோளாறுகளுக்காக 2016இல் வந்த ரோம் 4 வரையறை அவ்வளவு கறாராக இல்லை. ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, காரணம் புலப்படாமல், பெற்றோரால் தடுக்கவோ ஆற்றவோ முடியாதபடி அடிக்கடி நெடுநேரம் அழுதால், காய்ச்சலோ நோயோ எடைக்குறைவோ இல்லாத பட்சத்தில், அதுவே கோலிக்.

சிக்கல் இங்கேதான். உதவி தேடிப் பெரும்பாலோர் கிளம்புவது உச்சத்தில், அதாவது ஐந்தாம் ஆறாம் வாரத்தில். அன்றைக்கு எதைத் தொடங்கினாலும் மூன்று வாரத்தில் "பலன்" தெரியும். பக்கத்து வீட்டில் பலித்தது என்ற சாட்சியம் அதனால் எந்த வழிக்கும் கிடைத்துவிடும். தானாகக் குறைந்ததைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும்.

ஆஸ்டியோபதி: கை என்ன செய்கிறது, ஆதாரம் என்ன சொல்கிறது

அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் தொடங்கிய முறை இது. மண்டையோட்டு எலும்புகளுக்குள் நுண்ணிய அசைவு உண்டு, அதைக் கையால் உணரலாம் என்ற கிளைக் கருத்தைச் சேர்த்தவர் வில்லியம் சதர்லாண்ட். குழந்தைகளுக்குச் செய்யப்படுவது பெரும்பாலும் இந்தக் கிளைதான்.

ஓர் அமர்வு அரை மணி முதல் முக்கால் மணி வரை போகும். முதல் கால் மணி நேரம் கேள்விகள்: பிரசவம் எவ்வளவு நேரம் நீடித்தது, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, பால் எப்படிக் குடிக்கிறது, எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது. பிறகு குழந்தையை மல்லாத்தியோ தாயின் மடியிலோ வைத்து, ஒரு கை பின்மண்டைக்கு அடியில், மறு கை இடுப்பெலும்புக்கு அடியில். சில நிமிடங்கள் கழித்து விலாவின் கீழ்விளிம்பு, தாடை, கழுத்து. அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. மூடிய கண்ணிமை மேல் விரல் வைக்கும் அளவுதான். உடையைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணம்: பிரசவத்தில் மண்டையின் அடிப்பாகம் நெருக்குண்டு, அங்கிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு உறுத்தப்பட்டு, செரிமானம் கெடுகிறது. பிரசவத்தில் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது உண்மை. அது சில நாட்களில் தானாக விலகிவிடும். நரம்பு நெருக்குண்டதால்தான் கோலிக் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரே தலையை இரண்டு பயிற்சியாளர்கள் தொட்டுப் பார்த்த சோதனைகளில் அவர்கள் உணர்ந்த "தாளம்" ஒத்துப்போனதும் இல்லை.

ஆய்வுகளுக்கு வருவோம். 2006இல் 28 குழந்தைகளை வைத்து நடந்த சிறு ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களின் அழுகை 63 சதவீதம் குறைந்தது, பெறாதவர்களுக்கு 23. பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் யாருக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். அழுகை நேரத்தைக் குறித்து வைத்ததும் அதே பெற்றோர்தான். 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு கைமுறைச் சிகிச்சை ஆய்வுகள் ஆறை, மொத்தம் 325 குழந்தைகளை, ஒன்றாக்கிப் பார்த்தது. சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. யாருக்குச் சிகிச்சை என்பது பெற்றோருக்குத் தெரியாதபடி நடந்த ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. அண்மையில் ஆஸ்டியோபதித் துறையினரே இன்னும் நுணுக்கமாக ஓர் ஆய்வு செய்தார்கள்: ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, மறு குழுவுக்குச் சிகிச்சை நோக்கம் ஏதுமில்லாத வெறும் மெல்லிய தொடுகை. இரண்டு குழுவிலும் அழுகை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தது.

ஆக, குழந்தை அங்கே அமைதியாவதைப் பொய் என்று சொல்ல முடியாது. இளஞ்சூடான கை, அவசரமில்லாத அறை, அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் ஒருவர் – இவற்றுக்குப் பலன் உண்டு. அதற்கு மேல் மண்டையோட்டுக் கோட்பாடு எதையும் சேர்க்கிறதா என்பதில்தான் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

ஆபத்து? மென்மையாகச் செய்தால் மிகக் குறைவு. ஆனால் பெயர்ப்பலகை எதற்கும் உத்தரவாதம் ஆகாது. கழுத்தையும் முதுகையும் ஆழமாக மடக்கிய "கிரேனியோசேக்ரல்" சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதக் குழந்தை இறந்துபோனதை நெதர்லாந்து மருத்துவர்கள் 2009இல் பதிவு செய்தார்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்றவர் முழுத் தகுதியுள்ள மருத்துவர். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். தலையைப் பின்னால் சாய்ப்பது, தலைகீழாகப் பிடிப்பது, கழுத்தில் சடக்கென்று திருப்புவது – இதில் எது நடந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி வேண்டாம், மருத்துவரிடம் காட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னாலும் அப்படியே. சொடுக்கெடுக்கும் கைராப்ராக்டிக் முறைக்கு இந்த வயதில் இடமே இல்லை என்பது எங்கள் கருத்து.

கை வைத்தியம் உண்மையிலேயே தேவைப்படும் இடம்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, உங்கள் முகத்தை மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா? எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்து, பின்மண்டை அந்தப் பக்கம் தட்டையாகி, ஒரு மார்பில் மட்டும் பால் குடிக்கச் சண்டை போட்டால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கழுத்தின் பக்கவாட்டுத் தசையில் சிறு கட்டி போலவும் தட்டுப்படும். இதற்குக் குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான் சரியான ஆட்கள். கழுத்தை நீட்டும் பயிற்சி, விழித்திருக்கும்போது கவிழ்த்துப் போடுவது, பால் கொடுக்கும் பக்கத்தை மாற்றுவது என்று வீட்டுப் பாடம் தருவார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் சீக்கிரம் சரியாகும். ஆஸ்டியோபத்திடம் போய்ப் பலன் கண்டவர்களில் சிலர் இந்த ரகமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம்.

பால் குடிப்பதைப் பார்க்கும் கண்

எங்களைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான். பசியோடு அழும் குழந்தையைக் கோலிக் என்று முத்திரை குத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20–30 கிராம் எடை ஏற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது துணி நன்றாக நனைய வேண்டும். எடை ஏறவில்லை என்றால் அழுகைக்கு வைத்தியம் தேடுவதை விட்டுவிட்டுப் பாலைப் பாருங்கள்.

தாய்ப்பால் என்றால் வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் அழுந்தி, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட அதிகமாக வாய்க்குள் போயிருக்க வேண்டும். முதலில் வேகமான உறிஞ்சல், பால் இறங்கியதும் நிதானமாக உறிஞ்சி விழுங்கும் சத்தம். 'டக் டக்' என்று நாக்குச் சத்தம் கேட்டால் பிடி நழுவுகிறது, காற்றும் உள்ளே போகிறது. பால் விட்டதும் முலைக்காம்பு லிப்ஸ்டிக் முனைபோல் சரிந்திருந்தால் பிடி ஆழமில்லை. பால் மிக அதிகமாகச் சுரந்து, ஒரு மார்பை முடிக்கும் முன் அடுத்ததுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை கூடி, பச்சை நுரை மலமும் வாய்வும் வரும். முதல் மார்பை முழுதாகக் குடிக்க விட்டாலே பலருக்கு இது அடங்கிவிடும்.

புட்டிப்பாலில் இரண்டு தவறுகள் சகஜம். நிப்பிளின் துளை பெரிதானால் குழந்தை மூச்சுத் திணறி விழுங்கும். சிறிதானால் காற்றைத்தான் உறிஞ்சும். புட்டியைக் கிடைமட்டமாக, நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்த்துப் பிடித்து, இடையிடையே நிறுத்தி, ஒரு வேளையை 15–20 நிமிடத்துக்கு இழுத்தால் பெரும்பாலும் போதும். பவுடரைக் கரண்டியில் அமுக்கி அளந்தால் பால் கெட்டியாகி மலச்சிக்கல் வரும். கத்தியின் முதுகால் வழித்துச் சமன்செய்த கரண்டிதான் அளவு.

சொட்டுகளும் பத்தியமும்

வாய்வுக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டு பாதுகாப்பானது, ஆனால் 1994இல் 83 குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டில் மருந்தே கலக்காத வெற்று மருந்தைவிட அது ஒன்றும் மேலாக இல்லை. வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் கலந்த சொட்டை ஆறு மாதத்துக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு தடைப்படும் அபாயம் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை அழுகையைக் குறைப்பதில்லை.

கொஞ்சமாவது ஆதாரத்தோடு நிற்பது லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற ப்ரோபயாடிக், அதிலும் டிஎஸ்எம் 17938 என்ற ரகம். தினம் ஐந்து சொட்டு, அதாவது பத்துக் கோடி நுண்ணுயிர். நான்கு ஆய்வுகளின் 345 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசலில், 21ஆம் நாளில் அழுகை வெற்று மருந்தைவிடச் சுமார் 25 நிமிடம் கூடுதலாகக் குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளிடம்தான். பவுடர் பால் குழந்தைகளுக்குப் பலன் நிரூபணமாகவில்லை. டப்பாவில் ரகத்தின் எண்ணைப் பாருங்கள், "ப்ரோபயாடிக்" என்ற பொதுப்பெயர் போதாது. குறைமாதக் குழந்தைக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மலத்தில் சளி அல்லது ரத்தக் கீற்று, தோலில் எக்ஸிமா, ஓயாத வாந்தி எனக் கூடுதல் அறிகுறிகள் இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். மருத்துவரிடம் காட்டிய பிறகு, தாய் பால் பொருட்கள் அனைத்தையும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்த வேண்டும், கால்சியம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு திரும்பச் சாப்பிட்டு அறிகுறி மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் அழுகை பத்தியத்தால் நின்றதா, வயதால் நின்றதா என்பது தெரியாமலே போய், தாய் மாதக்கணக்கில் வீணாகப் பத்தியம் கிடப்பார்.

காசில்லாத வழி

2022இல் வெளியான, 21 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வின் முறையைக் கைக்கொள்ளலாம். அழும் குழந்தையை மார்போடு அணைத்து, தலையைத் தாங்கி, நிற்காமல், சட்டென்று திரும்பாமல் ஐந்து நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே படுக்கையில் கிடத்தினால் பாதி வேலை வீணாகும். மடியிலேயே வைத்து இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்துங்கள். குழந்தை விழித்துக்கொள்ளத் தூண்டுவது உங்கள் உடம்பை விட்டுப் பிரியும் கணம்.

மாலை அழுகையில் ஒரு பங்கு வெறும் அசதி. ஆறு வாரக் குழந்தைக்கு ஒரே மூச்சில் ஒன்று, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கத் தாங்காது. கண் வெறித்துப் பார்வையைத் திருப்பும்போதே அறையை இருட்டாக்குங்கள். தூங்க வைக்கச் சீரான ஒலி எழுப்பும் இரைச்சல் கருவி வைப்பதானால் படுக்கையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஒலி 50 டெசிபலைத் தாண்டாமல். துணியில் சுற்றினால் இடுப்பும் காலும் மடங்கி அசைய இடம் விட்டு, மல்லாக்க மட்டும் படுக்க வையுங்கள். புரளத் தொடங்கும் அடையாளம் தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

எந்த வரிசையில்

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பச்சை வாந்தி, புடைத்த உச்சிக்குழி, மலத்தில் ரத்தம், துவண்டு கிடப்பது, பால் மறுப்பது, இடுப்பு மடிப்பில் கெட்டியான வீக்கம் – இதில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், உடனே மருத்துவமனை. திடீரென்று ஆரம்பித்து அடங்காத அழுகை என்றால் உடைகளைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். தலைமுடி ஒன்று கால்விரலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம்.

அது எதுவும் இல்லையென்றால் எடை, பால் பிடி, தூக்க நேரம், இந்த வரிசை. தாய்ப்பால் குழந்தைக்கு ரியூட்டரியை மூன்று வாரம் சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகும் ஆஸ்டியோபத்திடம் போகத் தோன்றினால், போகும் முன் மூன்று நாள் அழுகை நேரத்தை மணிக்கணக்கில் குறித்து வையுங்கள். இரண்டு அமர்வு என்று முன்கூட்டியே வரம்பு கட்டுங்கள். முடிந்தபின் மறுபடி மூன்று நாள் குறித்து, குழந்தையின் வயதைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். ஆறு வாரத்தில் நான்கு மணி, ஒன்பது வாரத்தில் இரண்டரை என்றால் அந்தக் குறைவு வயதால் வந்ததாகவே இருக்கலாம். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கைமீறுகிறது, குலுக்கிவிடுவோமோ என்று தோன்றும் கணத்தில் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். குழந்தை அழுதுகொண்டிருக்கும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது.