மங்குக்கு “சுத்த மூலிகை” க்ரீம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

முகத்தில் மங்கு இருக்கிறவர்கள், அதற்காக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் “100% மூலிகை” என்று விற்கிற க்ரீமைப் பூசிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஒரே வாரத்தில் மங்கை மறைய வைக்கிற மூலிகை எதுவும் கிடையாது. அப்படி மறைந்தால் அந்த டப்பாவுக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதுதான் நடந்தது.

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்கு மங்கு வந்தது. இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்குத் தானாகவே வெளுத்துவிடும், எனக்குப் போகவில்லை. விசேஷ வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாம் “என்னம்மா முகம் இப்படிக் கறுத்துப்போச்சு, உடம்புக்கு ஏதாவதா?” என்று விசாரிப்பார்கள். (இந்தக் கேள்வியை எந்தப் பெண்ணிடமும் கேட்காதீர்கள். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், பரம்பரை என்று மங்குக்குக் காரணங்கள் இருக்கின்றன. கேட்கிறவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி உயிர் போகிறது.)

அந்த நேரத்தில்தான் பார்லருக்கு வந்த ஒருவர் மூலமாக இந்த க்ரீம் விற்கிற பெண்ணின் எண் கிடைத்தது. அதிமதுரம், மஞ்சிட்டி, குங்குமப்பூ, கஸ்தூரி மஞ்சள் சேர்த்து வீட்டிலேயே காய்ச்சுவதாகச் சொன்னார். சின்ன டப்பா 650 ரூபாய். மேலே பூப்படம் போட்ட ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. கேட்டேன். “ஃபேக்டரி சரக்கு இல்ல சிஸ்டர், கையால செய்யறது, அதான் லேபிள் கிடையாது. என் பொண்ணுக்கே இதைத்தான் போடறேன்” என்றார்.

முதல் வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். டப்பா தீர்ந்து நாலைந்து நாள் பூசாமல் விட்டபோதுதான் வினையே ஆரம்பித்தது. கன்னம் சிவந்து எரிந்தது. வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துத் தடவிய மாதிரி இருக்கும். சின்னச் சின்னதாகச் சீழ்க்கட்டிகள். படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில் இது: “பயப்படாதீங்க சிஸ்டர். உள்ள இருக்கிற நச்செல்லாம் வெளிய வருது. நிறுத்தினதாலதான் இப்படி. அடுத்த டப்பா அனுப்பறேன், விடாம போடுங்க.”

அடுத்த டப்பாவைப் பூசியதும் எரிச்சல் உண்மையிலேயே அடங்கியது. இந்த மோசடியில் கொடூரமான இடம் இதுதான். நிறுத்தினால் வருகிற கெடுதலுக்கு அதே க்ரீம்தான் மருந்து மாதிரி வேலை செய்கிறது. விற்கிறவர் சொன்னது சரிதான் என்று நம் முகமே சாட்சி சொல்கிறது. மாதா மாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும், மேல்தோல் மெலிந்துகொண்டே வரும்.

கடைசியில் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன க்ரீம்மா போட்டீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிவதையும், புதிதாகப் பூனைமுடி வளர்ந்திருப்பதையும் கண்ணாடியில் காட்டினார். “இது ஸ்டீராய்டு பண்ணின வேலை. உங்க மங்கு இதுக்கு அடியில அப்படியேதான் இருக்கு” என்றார். ஸ்டீராய்டு என்பது சிவப்பையும் எரிச்சலையும் சட்டென்று அடக்குகிற மருந்து. இப்படி வருகிறவர்கள் அவருக்குப் புதிதல்ல. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதியை இறுக்கினார்கள். அதே சரக்கு மூலிகை என்ற பெயரில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். முகத்துக்கு எதற்கு அது என்று கேட்டபோது பாதரசம் பற்றிச் சொன்னார். தோலின் நிறமி உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் வெளுப்பு க்ரீம்களில் கள்ளத்தனமாகச் சேர்க்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஒரு துணைவகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். பூசுகிறவரின் கை, துண்டு, தலையணை வழியாகப் பிள்ளைகளுக்கும் பாதரசம் போகும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கைக்குழந்தையைக் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தானே தூங்க வைத்தேன். என் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்த அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூலிகை மேல் எனக்குக் கோபமே இல்லை, அதன் பெயரைக் கெடுக்கிறவர்கள் மேல்தான். அதிமதுரத்தில் இருக்கிற கிளாப்ரிடின் என்ற பொருள் நிறமி உண்டாவதைக் குறைக்கும். தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற அர்புடின் பேர்பெர்ரி என்ற செடியின் இலையில் இருப்பது, அசிலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிறது. இவை எல்லாமே மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்கிறவை. வெயிலில் மறுபடி காய்ந்தால் மங்கு திரும்பவும் வரும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன்தான் மங்குக்கு நல்லது என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். தோல் வெந்து, இன்னும் கறுப்பாகும்.

இப்போது இப்படி ஒரு க்ரீமைப் பூசிக்கொண்டிருப்பவர்களுக்கு: பயந்துபோய் நீங்களாகவே எதையும் செய்யாமல் டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். நிறுத்தும்போது வருகிற எரிச்சலை எப்படிச் சமாளிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது அடங்கப் பல மாதங்கள் ஆயின. சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. மங்குக்கான சிகிச்சையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள்.

விற்ற பெண்ணிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்க ஸ்கின் அப்படி சிஸ்டர், மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு என்னை அவருடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார். மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன், நடவடிக்கை இன்னும் வரவில்லை. நீங்களும் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024. காலி டப்பா, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முகத்தின் படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள், புகாரோடு கேட்பார்கள். அந்தப் பெண் இப்போது வேறு பெயரில், வேறு ஸ்டிக்கரில் அதையே விற்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் க்ரீமின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவை, சொந்த அக்காவே கொண்டுவந்து கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.