பழைய கே-ஜெட்ரானிக் பாகங்கள்: கேஜ் படம் அனுப்பிய கடைக்கு நான்கு ஸ்டார்

என் கார் மெர்சிடிஸ் 280ஈ, டபிள்யூ123 பாடி, அதில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் இன்ஜெக்‌ஷன் சிஸ்டம். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்க, அந்தத் தட்டு, பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சரை (மேலும் கீழும் ஓடும் தண்டு) தூக்க, பெட்ரோல் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். அருமையான வேலைப்பாடு, ஆனால் வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் அந்தப் பிளஞ்சர் இறுகிப்போய்விடும். அதனால்தான் பழைய இன்ஜெக்‌ஷன் பாகங்களை மட்டுமே வாங்கி விற்கும் ஒரு கடையில் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோல் அளவைக் கூட்டிக் கொடுக்க அழுத்தத்தை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆறு என்று மொத்தமாக வாங்கினேன்.

முதலில் நல்லது. ரெகுலேட்டர் எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே அளவு வண்டிக்கு வண்டி மாறும். மேலே 0 438 140 என்று தொடங்கும் நம்பரில் கடைசி மூன்று இலக்கம் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இவர்கள் நான் கேட்பதற்கு முன்பே என் பழைய ரெகுலேட்டரின் நம்பரைக் கேட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி எடுத்த இரண்டு படம் வந்தது. குளிர்ந்த நிலையில் முள் ஒன்றரை பார் பக்கம், உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடானதும் மூன்றரை பார் பக்கம். "நல்லா ஓடிட்டிருந்த வண்டியில கழட்டினது சார்" என்ற வாக்கியத்தை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள், அது பைசா பெறாது. எனக்கு வேண்டியது இந்த இரண்டு முள்தான்.

பேக்கிங்கும் சரியாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் ஒவ்வொரு துளைக்கும் மூடி, அடியில் பிளஞ்சர் நழுவி விழாமல் பிடிப்பு. இது சின்ன விஷயம் இல்லை. பிளஞ்சரும் அது ஓடும் குழலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஜோடி, கீழே விழுந்து ஒரு கீறல் விழுந்தால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்க முடியாது.

இனி குறை. இன்ஜெக்டர்களை "டெஸ்ட் செய்தது" என்று கொடுத்தார்கள். பீய்ச்சுவது அழகாகத்தான் இருந்தது, கூம்பு மாதிரி, மூடுபனி போல. ஆனால் இன்ஜெக்டருக்கு அது பாதிப் பரீட்சைதான். திறக்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்துப் பிடித்தால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. இரண்டில் சொட்டியது. சொட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வண்டியை நிறுத்தியதும் லைனில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும், சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஒரு ஸ்டார் குறைத்தேன்.

இதே கடை பழைய அக்யூமுலேட்டரும் விற்கிறது. வேண்டாம். நிறுத்திய பிறகு லைனில் அழுத்தத்தைத் தாங்குவதே அதன் வேலை, உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு வயதாகி விட்டுவிடும், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாமும் அப்படித்தான். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் நிற்காது, புதிதாகவே போடுங்கள்.

அப்புறம் விற்பனை. என்னிடம் கிடந்த டி-ஜெட்ரானிக் (பாஷின் இன்னொரு பழைய இன்ஜெக்‌ஷன் சிஸ்டம்) பிரஷர் சென்சார் ஒன்றை அவர்களிடமே தள்ளிவிட்டேன். வாக்குவம் கை பம்ப் போட்டுப் பார்த்தார்கள், முள் இறங்காமல் நின்றது. காயிலின் ஓம் அளவும் எடுத்தார்கள், முதல் காயில் 90 பக்கம், இரண்டாவது 350 பக்கம். அதன் பிறகுதான் விலையே பேசினார்கள், பேசிய விலையும் நியாயம்தான். விற்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: பளபளவென்று தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துக் கொண்டுபோகாதீர்கள். நம்பர் மறைந்துபோனால் பாதி விலைகூடக் கிடைக்காது.