வரையாடு பார்க்க: இரவிகுளமா, வால்பாறைச் சாலையா?

அழியும் நிலையில் உள்ள, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை நேரில் பார்க்க எங்கே போவது?

செலவு:
இரவிகுளம் (கேரளத்தில் மூணாறு அருகே உள்ள தேசியப் பூங்கா) – நுழைவுச்சீட்டு உண்டு. உள்ளே வனத்துறைப் பேருந்துதான்.
வால்பாறை – வரையாட்டுக்கென்று தனிச் சீட்டு இல்லை.

கண்ணில் படுமா:
இரவிகுளம் – உலகிலேயே வரையாடுகள் அதிகம் வாழும் இடம். பூங்காவில் பயணிகள் போகும் பகுதியான ராஜமலையில் ஆட்களுக்குப் பழகிப்போய், நடைபாதை ஓரத்திலேயே மேயும்.
வால்பாறை – ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், 9ஆவது வளைவுப் பக்கத்துப் பாறைச்சரிவைப் பாருங்கள். காலையோ மாலையோ போங்கள். உச்சி வெயிலில் பாறை நிழலில் படுத்துவிடும். பாறை நிறமே உடம்பு நிறம் என்பதால் தொலைநோக்கி அவசியம். முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் இருந்தால் அது முதிர்ந்த கிடா.

பருவம்:
இரவிகுளம் – குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மூடிவிடுவார்கள்.
வால்பாறை – அப்போதும் போகலாம்.

தொல்லை:
இரவிகுளம் – விடுமுறையில் நீண்ட வரிசை. மூடுபனி இறங்கினால் எதுவும் தெரியாது.
வால்பாறை – வளைவில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. தின்பண்டம் போடுவது அதைவிட மோசம்: ருசி கண்ட ஆடு சாலைக்கே வந்து வண்டியில் அடிபடும்.

குழந்தைகள், முதியவர்களோடு என்றால் இரவிகுளம். பொறுமையும் தொலைநோக்கியும் இருந்தால் வால்பாறை.