பங்குனி வெயிலில் களை மருந்து அடிக்க வருகிறவரிடம் ஏமாந்த கதை

பாளையங்கோட்டை, கேடிசி நகர், மகாராஜநகர் பக்கம் வீட்டு வாசலில் பேவர் பிளாக் பதிச்சிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் வாசிச்சிருங்க. எனக்கு 3,500 ரூபாய் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, எங்க அத்தை ஆசையா வளர்த்த பிச்சிக் கொடியும் கருகிப்போச்சு.

கேட்டில் இருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் எங்களுக்கு அறுபது அடிப் பாதை. கல் பதிச்சவங்க அடியில் ஒழுங்கா ஜல்லி போடாம, மணலை விரிச்சு மேல அடுக்கிட்டுப் போயிட்டாங்க (அது தனிக் கதை, இன்னொரு நாள் அழுறேன்). ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சா கல் இடுக்கெல்லாம் கோரையும் அருகும்தான். ஆள் விட்டுப் பிடுங்கினாலும் தாள் மட்டும் கையோட வரும். கிழங்கு கல்லுக்கு அடியில சுகமா இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போறதுக்காக சொந்தக்காரங்க எல்லாரும் முந்தின நாளே எங்க வீட்டில் வந்து இறங்கிருவாங்க. அதுக்குள்ள வாசலைச் சுத்தம் பண்ணிரணும்னு எனக்கு ஒரே அவசரம். யூடியூப்ல வேற ஒரு வெளிநாட்டுக்காரர், கார் பாதைப் புல்லுக்கு வசந்த காலத்துல மருந்து அடிக்கணும்னு சொல்லியிருந்தார். மார்ச், ஏப்ரல் என்றால் நமக்குப் பங்குனிதானே, சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு துண்டுச் சீட்டு சொருகியிருந்தது. களையை வேரோடு அழித்துத் தருவார்களாம், ஒரு வருஷம் கேரண்டியாம். போன் போட்டேன், மறுநாளே ஆள் வந்துட்டார். முதுகில் பேட்டரி ஸ்பிரேயர், கையில் புல் வெட்டுற மெஷின்.

"என்ன மருந்து தம்பி அடிக்கப் போறிய?"

"நல்ல கம்பெனி மருந்துக்கா. வேரோட பட்டுப்போவும். ஒரு வருசத்துக்கு நீங்க குனியவே வேண்டாம்."

டப்பாவைக் காட்டுங்கன்னு கேட்கத் தோணலை. என் தப்புதான். முதலில் மெஷினை விட்டுப் புல்லை மொட்டையா வெட்டினார். எங்க போர் தண்ணியையே டேங்கில் பிடிச்சு, உச்சி வெயிலில் பதினொன்றரை மணிக்கு, காத்து வீசிக்கிட்டு இருக்கும்போதே அடிச்சார். மிச்சம் இருந்ததைத் தண்ணி கலக்காம ஒரு பழைய வாட்டர் பாட்டிலில் ஊத்தி, "ஒண்ணு ரெண்டு முளைச்சா நீங்களே விட்டுக்கிடுங்கக்கா"ன்னு சம்ப் மேல வச்சுட்டுப் போனார். லேபிளும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

சாயங்காலமே எல்லாம் வாடிப்போச்சு. மறுநாள் பார்த்தா வைக்கோல் நிறம். பணத்துக்கு வந்தவருக்குச் சந்தோஷத்தில் முழுசையும் ஜிபே பண்ணி, வடையும் காபியும் குடுத்து அனுப்பினேன். உத்திரத்துக்கு வந்த நாத்தனார், "வாசல் பளிச்சுன்னு இருக்கே மதினி"ன்னு சொன்னப்போ எனக்குப் பெருமை தாங்கலை.

பன்னிரண்டாம் நாள் கல் இடுக்கில் பச்சை ஊசி ஊசியா எட்டிப் பார்த்தது. இருபதாம் நாள் பழையபடி. போன் பண்ணினா, "கேரண்டி புல்லுக்குத்தான்க்கா, கோரைக்குக் கிடையாது. அதுக்கு வேற மருந்து, ரெண்டாயிரம் ஆகும்." அப்போ அருகு ஏன் முளைச்சிருக்குன்னு கேட்டேன். லைன் கட். அதுக்கப்புறம் என் நம்பரை எடுக்கவே இல்லை.

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருத்தர் அம்பையில் இருக்காங்க. அவங்க வந்து முதலில் பார்த்தது வாசலை இல்லை, பாட்டிலை. முகமே மாறிட்டு. பிச்சி இலையில் சாரல் பட்ட இடம் மட்டும் பொட்டுப் பொட்டாத் தீஞ்சிருந்ததையும், புல் ஒரே நாளில் காய்ஞ்சதையும் வச்சு, இது பாராகுவாட்ங்கிற களைக்கொல்லியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. தவறி ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போயிரும், மாற்று மருந்து கிடையாது. அந்தப் பாட்டில் பக்கத்தில்தான் உத்திரத்துக்கு வந்த பிள்ளைகள் ஓடிப்பிடிச்சு விளையாடினாங்க. இதை எழுதும்போதும் கை நடுங்குது. சாக்கடையில் ஊத்தவும் கூடாதுன்னு, மேலே விஷம்னு எழுதி ஒட்டி மாமாவே எடுத்துட்டுப் போனாங்க.

அந்த மருந்து பட்ட பச்சையை மட்டும்தான் தீய்க்குமாம், கிழங்குக்குப் போகாது. சரி, வேர் வரைக்கும் இறங்குற கிளைஃபோசேட்டையே அவர் அடிச்சிருந்தா? அன்னைக்கு அடிச்ச விதத்துக்கு அதுவும் வீண்தான்னு மாமா சொன்னாங்க.

"ஏ பிள்ள, அந்த மருந்தை இலைதான் குடிக்கும். இலையை வெட்டிப் போட்டுட்டு எதுல ஊத்துதாரு அவரு? பங்குனி காய்ச்சல்ல புல்லே வளராம முடங்கிக் கிடக்கு, மேல பூராத் தூசி. போதாக்குறைக்கு உங்க போர் தண்ணி. அந்தச் சுண்ணாம்புச் சத்தே பாதி மருந்தை முறிச்சிரும்."

வெளிநாட்டுக்காரர் சொன்னதும் தப்பில்லையாம். அவங்க ஊரில் பனி விட்டுப் புல் துளிர்க்கிறது அந்த மாசத்தில். நமக்குப் பங்குனி புல் காயுற காலம். இங்கே களை துளிர்க்கிறது ஐப்பசி மழைக்கு. அதனால மழை வெறிச்ச பிறகு கார்த்திகைக் கடைசி, மார்கழி, இல்லைன்னா நல்ல கோடை மழை பெய்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு, தளதளன்னு நிற்கும்போது பூ விடுறதுக்கு முன்னால அடிக்கணும். பங்குனியிலேயே அடிச்சாகணும்னா முதலில் ஒரு வாரம் பத்து நாள் களைக்குத் தண்ணி விட்டு வளர்க்கணுமாம்! அடிக்கிறதுக்கு முன்னாலயும் ஒரு வாரம் வெட்டக்கூடாது, அடிச்ச பிறகும் ஒரு வாரம் வெட்டக்கூடாது. பனி காய்ஞ்ச காலை நேரம், காத்து இல்லாத நாள், அடிச்சு ஆறு மணி நேரமாவது மழை இருக்கக்கூடாது. நல்ல தண்ணியில் கலக்கணும். பட்டுப்போக ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும். மறுநாளே காய்ஞ்சா சந்தேகப்படுங்க. கோரைக்கு எப்படியும் ரெண்டாம் தடவை வேண்டியிருக்கும், தூங்குற கிழங்கு மிஞ்சும்.

இன்னொண்ணு. கிளைஃபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு லைசென்ஸ் உள்ளவங்க மட்டும்தான் அடிக்கலாம்னு 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கு. அதனால கேட்டைத் திறக்கும் முன்னால லைசென்ஸைக் கேளுங்க, சீல் உடைக்காத டப்பாவைக் காட்டச் சொல்லுங்க, பணத்தில் பாதியை ஒரு மாசம் நிறுத்தி வையுங்க. "கம்பெனி மருந்து"ன்னு மட்டும் சொல்றவரை அப்படியே திருப்பி அனுப்பிருங்க.

தாவரவியல்படி கோரை புல் வகையே இல்லைன்னும் மாமா சொன்னாங்க. ஆக அந்த ஆள் எங்கிட்ட பேசினதுல அது ஒண்ணுதான் உண்மை.

இப்போதைக்கு இடுக்கைக் கொத்திக் கிழங்கை எடுத்துட்டு, மணலும் சிமெண்டும் கலந்து அடைக்கிறோம். நாளைக்குப் பத்தடிதான் ஆகுது, முதுகு விட்டுப்போகுது. போன வாரம் அத்தை கூப்பிட்டுக் காட்டினாங்க, பிச்சி தூரில் ரெண்டு துளிர் விட்டிருக்கு. வேருக்குப் போகாத மருந்து பிச்சி வேருக்கும் போகலை.